வோல்ட் கணக்கு: பழைய காருக்கு ஒரு மல்டிமீட்டர், நான்கு வருடம் கழித்து

என் காருக்கு முப்பது வயதாகப் போகிறது. கார்புரேட்டர் வைத்த நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது, ஸ்கேனர் மாட்டுவதற்கு ஒரு சாக்கெட்டும் கிடையாது. அதனால் கரண்ட் சம்பந்தமாகக் கோளாறு வந்தால் கார் தானாக எதையும் சொல்லாது, நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்பதற்கு நான் வைத்திருப்பது ஒரு மல்டிமீட்டர். வாங்கி நான்கு வருடம் ஆகிறது. ஸ்பேனர் செட்டுக்கு அடுத்தபடியாக நான் அதிகம் கையில் எடுப்பது இதைத்தான். இத்தனை நாள் உழைத்த பொருளைப் பற்றி நல்லதும் கெட்டதுமாக எழுதிவைக்கிறேன்.

கம்பெனிப் பெயரைச் சொல்லவில்லை. இதே உடம்பு, இதே திரை, இதே குமிழோடு வேறு வேறு பெயர் ஒட்டிய மீட்டர்கள் நிறைய விற்கின்றன. பெயரைப் பார்ப்பதைவிட முகத்தில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்து வாங்குவது நல்லது. என்னுடையது கைக்கு அடக்கமான நடுத்தர ரகம். டிசி வோல்ட், ஏசி வோல்ட், ஓம், ஒயர் அறுபடாமல் இருந்தால் பீப் அடிக்கும் கன்டினியூட்டி, டயோடு, 10 ஆம்பியர் வரை கரண்ட், சூடு பார்க்க ஒரு தெர்மோகப்பிள் ஒயர், அப்புறம் மின்-மேக்ஸ் (மினிமம்-மேக்ஸிமம், மிகக் குறைந்த அளவையும் மிக அதிக அளவையும் பிடித்துவைப்பது) என்று ஒரு பட்டன். சுற்றிலும் ரப்பர் உறை, முதுகில் காந்தம். ரேஞ்சை அதுவே பார்த்து மாற்றிக்கொள்ளும்.

இதை வாங்க வைத்தது ஒரு செல்ஃப் பிரச்சினை. காலையில் சாவி போட்டால் ஒழுங்காக எடுக்கும். நன்றாக ஓட்டிவிட்டு நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து வந்து அடித்தால் “உர்ர்... உர்ர்...” என்று முக்கிக்கொண்டு இழுக்கும். சில சமயம் ஒரு ‘டக்’ சத்தத்தோடு நின்றுவிடும். முதலில் பேட்டரியை மாற்றினேன். ஒரு வாரம் தேவலை போல இருந்தது, பிறகு பழைய கதைதான். அடுத்து செல்ஃப் மோட்டாரைக் கழற்றிக் கொடுத்தேன். கார்பன் பிரஷ், புஷ் எல்லாம் புதிதாகப் போட்டு வந்தது. அப்போதும் சூட்டில் இழுக்கவில்லை. இரண்டு செலவும் வீண். யாரையும் குறை சொல்லவில்லை, அளந்து பார்க்காமல் நானாக முடிவெடுத்து மாற்றியவைதான் இரண்டும்.

எனக்குத் தொழில் கணக்கெழுதுவது. பகல் முழுவதும் அதே வேலை. ஒரு தொகை இடிக்கிறது என்றால் நான் புதுப் பேரேடு வாங்க மாட்டேன், எந்தப் பக்கத்தில் இடிக்கிறது என்று வரி வரியாகப் பார்ப்பேன். மின்சாரத்தையும் அப்படியே பார்க்கலாம் என்று புரிந்ததுதான் எனக்குப் பெரிய திறப்பு. பேட்டரியிலிருந்து புறப்படுகிற வோல்ட் வரவு. செல்ஃப் மோட்டாருக்குப் போய்ச் சேர்வது நமக்கு வேண்டிய செலவு. இரண்டுக்கும் நடுவே கேபிளிலும், போல்ட்டிலும், துருவிலும் விழுங்கப்படுவது விரயம். மூன்றையும் அளந்து கூட்டினால் கணக்கு நேராக வேண்டும். மீட்டர் செய்வது அவ்வளவுதான்.

அன்று செய்ததை அப்படியே சொல்கிறேன். காரை நன்றாக ஓட்டிச் சூடேற்றி நிறுத்தினேன். கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் மேலே. இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடக் கூடாது என்பதற்காக இக்னிஷன் காயிலுக்குப் போகும் மெல்லிய பாசிட்டிவ் ஒயரைப் பிடுங்கி, முனையை டேப் சுற்றி ஓரமாக வைத்தேன். மகள் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். மீட்டரைக் காந்தத்தால் பானெட்டின் உள்பக்கம் ஒட்டி, குமிழை டிசி வோல்ட்டில் வைத்தேன்.

“அப்பா, திருப்பவா?”

“திருப்பும்மா. அஞ்சு எண்ணிட்டு விட்டுடு.”

முதல் அளவு பேட்டரியின் இரண்டு தூண்களுக்கும் நடுவே. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மீட்டர் ஒயரின் முனையில் இருக்கும் முள்ளை வைக்க வேண்டியது ஈயத் தூணின் மேலேதான், அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பின் மேல் வைத்தால் தூணுக்கும் கிளாம்புக்கும் நடுவில் போகிற விரயம் கணக்கில் வராது. செல்ஃப் சுற்றும்போது 11.2 வோல்ட் காட்டியது. பேட்டரியில் குறை இல்லை. பொதுவாக 9.6க்குக் கீழே இறங்கினால்தான் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டாவது, செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டுக்கும் அதன் உடம்புக்கும் நடுவே. 8.7. ஆக, புறப்பட்டது 11.2, சேர்ந்தது 8.7. நடுவில் இரண்டரை வோல்ட்டைக் காணோம்.

எங்கே போயிற்று என்று பார்ப்பதுதான் மூன்றாவதும் நான்காவதும். பேட்டரியின் பாசிட்டிவ் தூணில் ஒரு முள், செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டில் இன்னொரு முள். மகள் திருப்பினாள், 0.3 வோல்ட். அந்தக் கேபிளுக்கு இது தாங்கும். அடுத்து பேட்டரியின் நெகட்டிவ் தூணில் ஒன்று, செல்ஃப் மோட்டாரின் உடம்பில் ஒன்று. திருப்பினாள். 2.2.

கூட்டிப் பாருங்கள். 8.7, 0.3, 2.2. மொத்தம் 11.2. கணக்கு பைசா சுத்தமாக நேரானது. அந்த நிமிடம் எனக்கு உண்டான சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இரண்டு மாதமாகத் தேடிய குற்றவாளி எர்த் பக்கத்தில், அதாவது கரண்ட் பாடி வழியாக பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் பக்கத்தில் இருந்தான்.

நெகட்டிவ் தூணிலேயே ஒரு முள்ளை வைத்துக்கொண்டு இன்னொன்றை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திக்கொண்டே போனேன். பாடியில் கேபிள் இறங்கும் இடம் வரை 0.1தான். இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் பின்னல் பட்டை ஒன்று உண்டு. அதன் பாடிப் பக்கத்துக் கண்ணை (போல்ட் நுழையும் வளைய முனையை) தாண்டியதும் இரண்டு வோல்ட்டுக்கு மேல் குதித்தது. கையை வைத்தேன், அந்த போல்ட் சுட்டது. நூறு ஆம்பியர் ஓடும் இடத்தில் இரண்டு வோல்ட் விழுந்தால் இருநூறு வாட் அங்கேயே சூடாகக் கரைகிறது என்று அர்த்தம், சுடாமல் என்ன செய்யும்? கழற்றிப் பார்த்தால் கண்ணுக்கும் பாடிக்கும் நடுவில் பெயின்ட் ஒரு பாதி, பழுப்புத் துரு மறுபாதி. வெளியிலிருந்து பார்த்தால் இறுக்கமாக, பளிச்சென்று இருந்த போல்ட் அது. பேட்டரி எர்த்தைக் கழற்றி வைத்துவிட்டு, உப்புத்தாளால் இரண்டு பக்கமும் இரும்பு மின்னும் வரை தேய்த்து, பல் வைத்த வாஷர் போட்டு முறுக்கி, மேலே கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி பூசினேன். முக்கால் மணி நேர வேலை.

திரும்ப அளந்தபோது எர்த் பக்கம் 0.12. பேட்டரித் தூண்களில் முன்பு 11.2 இருந்தது இப்போது 10.6 ஆகக் குறைந்திருந்தது. முதலில் பதறினேன். பிறகுதான் புரிந்தது, வழி திறந்ததால் செல்ஃப் இப்போது அதிகக் கரண்ட் இழுக்கிறது, அதனால் பேட்டரி கொஞ்சம் தணிகிறது. மோட்டாருக்குப் போய்ச் சேர்வதோ 8.7 போய் 10.2 ஆகிவிட்டது. சூட்டில் ஏன் மோசமானது என்பதற்கும் இங்கேதான் பதில். செல்ஃப் மோட்டாரின் செம்புச் சுற்றுகள் சூடேறினால் தடை கூடும். காலைக் குளிர்ச்சியில் குறைந்த வோல்ட்டோடு எப்படியோ சமாளித்த மோட்டார், சூட்டில் கையை விரித்துவிடும்.

இதே பட்டையை ஓம் ரேஞ்சில் வைத்துப் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருக்க முடியாது. இது பலர் தடுக்கி விழும் இடம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். நூறு ஆம்பியருக்கு 2.2 வோல்ட் என்றால் தடை 0.022 ஓம்தான். என் மீட்டரின் இரண்டு ஒயர்களை ஒன்றோடொன்று தொட வைத்தாலே 0.2 ஓம் காட்டும். அதாவது தேடுகிற பொருளைவிட அளக்கிற கயிறு பத்து மடங்கு தடிமன். கன்டினியூட்டியில் வைத்தால் ‘பீப்’ என்று சந்தோஷமாகக் கத்தியிருக்கும். நூறு இழை உள்ள கேபிளில் ஒரே ஓர் இழை மிச்சமிருந்தாலும் அந்த பீப் வரும். செல்ஃப், ஹெட்லைட், ஹீட்டர் விசிறி மாதிரி கரண்ட் நிறைய இழுக்கும் சாமான்களுக்கு, அது வேலை செய்துகொண்டிருக்கும்போது வோல்ட் விரயத்தைப் பார்ப்பது ஒன்றுதான் வழி. மீட்டரில் பத்து வசதி இருந்தாலும் பழைய காருக்கு உங்கள் முக்கால்வாசி வேலை டிசி வோல்ட் என்ற ஒரே இடத்தில்தான் நடக்கும்.

வோல்ட், ஆம்பியர், ஓம் மூன்றையும் ஒரே பெட்டியில் பார்க்கும் கருவிக்கு வயது நூறு தாண்டிவிட்டது. தனித்தனிக் கருவிகளைச் சுமந்து அலுத்துப்போன டொனால்ட் மக்காடி என்ற பிரிட்டிஷ் தபால் துறைப் பொறியாளர் யோசித்தது அது. 1923இல் ஆவோமீட்டர் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அந்த மூன்று அளவுகளின் ஆங்கில முதலெழுத்துகள்தான் பெயரின் முதல் பாதி. இன்று நம் கையில் இருப்பதும் அதே யோசனைதான், திரையில் ஆடும் முள்ளுக்குப் பதில் எண்.

ஹெட்லைட் கதையும் இதே ரகம். இரவில் வெளிச்சம் மஞ்சளாக, சோர்வாக இருந்தது. பல்ப் புதிது, கண்ணாடியும் துடைத்தாகிவிட்டது. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14.1, பல்பின் முதுகில் 11.4. பல்ப் எரிந்துகொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். பல்பைக் கழற்றிவிட்டு வெறும் சாக்கெட்டில் பார்த்தால் மீட்டர் அழகாக 14 காட்டி ஏமாற்றிவிடும், மீட்டர் இழுக்கும் கரண்ட் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை என்பதால். 2.7 வோல்ட் வழியிலேயே போனது எப்படி என்றால், இந்த வயதுக் கார்கள் பலவற்றில் ஹெட்லைட்டின் முழுக் கரண்டும் டேஷ்போர்டுக்குள் போய், ஸ்டீயரிங் பக்கத்து சுவிட்சைத் தாண்டித்தான் பல்புக்கு வரும். சுவிட்சின் தேய்ந்த பாயிண்ட் கொஞ்சம், நீளமான மெல்லிய ஒயர் கொஞ்சம் என்று விழுங்கிவிடும். இழை பல்பில் வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் அளவுக்குக் குறையும். எனக்குக் குறைந்ததோ பத்தொன்பது சதவீதம், வெளிச்சம் ஏறக்குறைய பாதி. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்துத் தடித்த ஒயர் இழுத்து, இரண்டு ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) போட்டு, பழைய சுவிட்ச் அந்த ரிலேக்களை மட்டும் தட்டி எழுப்பும்படி மாற்றினேன். இப்போது விரயம் 0.4. அதே பல்ப்தான், ரோடு தெரிகிறது.

அடுத்த பயன், நின்ற இடத்திலேயே பேட்டரி இறங்கிப்போவது. இதற்கு ஆம்பியர் அளக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றி, கிளாம்புக்கும் தூணுக்கும் நடுவில் மீட்டரைச் சேர்க்க வேண்டும், அதாவது கரண்ட் முழுவதும் மீட்டருக்குள் புகுந்து வெளியே வரும்படி. சாவி எடுத்திருக்க வேண்டும், கதவுகள் மூடியிருக்க வேண்டும். கடிகாரம், ரேடியோ ஞாபகம் இவற்றுக்கென்று கொஞ்சம் போகும், 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் கவலை இல்லை. எனக்கு 0.41 காட்டியது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்ததில் உள் விளக்குகளுக்கான ஃபியூஸை எடுத்ததும் 0.02க்கு இறங்கியது. டிக்கி விளக்கு. மூடியைச் சாத்தினாலும் அதன் சுவிட்ச் அழுந்தாமல் உள்ளே எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. ஐந்து வாட் பல்ப்தான், ஆனால் 45 ஆம்பியர்-மணி பேட்டரியை ஐந்து நாளில் முழுக்கக் குடித்துவிடும், செல்ஃப் எடுக்காத நிலைக்கு அதற்கும் முன்பே கொண்டுவந்துவிடும்.

இந்த வேலையில்தான் மீட்டரின் முதல் குறை தெரிந்தது. பதினைந்து நிமிடம் தொடாமல் இருந்தால் அதுவாக அணைந்துவிடுகிறது. பேட்டரி விரயத்தைப் பொறுமையாக உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு இது தொந்தரவு. பட்டனை அழுத்திக்கொண்டே குமிழைத் திருப்பினால் அணையாமல் இருக்கும் என்று கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. இரண்டாவது, இப்படி ஆம்பியரில் சேர்த்திருக்கும்போது பழக்க தோஷத்தில் சாவியைத் திருப்பிவிட்டேன். பத்து ஆம்பியர் ஃபியூஸ் போய்விட்டது. தவறு என்னுடையது. ஃபியூஸ் மாற்ற நான்கு ஸ்க்ரூ, ரப்பர் உறை, முதுகு மூடி என்று எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியிருந்ததுதான் வடிவமைப்பின் குறை. ஆனாலும் உள்ளே கண்ணாடி ஃபியூஸுக்குப் பதில் பீங்கான் ஃபியூஸ் இருந்தது நல்ல அடையாளம். அதே அளவு, அதே ரகம் வாங்கித்தான் போட வேண்டும். செம்பு இழையைச் சுற்றி ஒப்பேற்றிவிட்டால் அடுத்த முறை வேகப்போவது மீட்டரும் விரலும்.

ஆம்பியர் வேலை முடிந்த அடுத்த நொடி சிவப்பு ஒயரை வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். மறந்துபோய் அப்படியே பேட்டரித் தூண்களில் வைத்தால் அது அளவு இல்லை, ஷார்ட்.

ஒரு தடவை பெரிதாக ஏமாந்தேன். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 15.6 காட்டியது. இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் சரியாக இருந்தால் 13.8க்கும் 14.5க்கும் நடுவில் இருக்க வேண்டும். ரெகுலேட்டர் போயிற்று, பேட்டரி கொதிக்கப் போகிறது என்று ஆல்டர்னேட்டர் பெல்ட்டைத் தளர்த்த ஸ்பேனரை எடுத்துவிட்டேன். பக்கத்தில் நின்ற மகள்தான் சொன்னாள், “அப்பா, இதுல மூலையில பேட்டரி படம் வருதே.” மீட்டருக்குள் இருக்கும் ஒன்பது வோல்ட் பேட்டரி தீரும் நிலை. அது தீரத் தீர, மலிவான மீட்டர்கள் அளவைக் கூட்டிக் காட்டும். என்னுடையது நடுத்தர ரகமாக இருந்தும் அதையேதான் செய்தது. புதுப் பேட்டரி போட்டதும் 14.1. இப்போது எந்த வேலைக்கு முன்னாலும் ஏற்கெனவே அளவு தெரிந்த ஒரு பேட்டரியை அளந்து பார்த்துவிட்டுத்தான் தொடங்குகிறேன். எச்சரிக்கைப் படம் இன்னும் பெரிதாக இருந்திருக்கலாம். வெயிலில் அது கண்ணிலேயே படுவதில்லை.

மின்-மேக்ஸ் பட்டனைப் பற்றி ஒரு வார்த்தை. தனியாக வேலை செய்கிறவர்களுக்கு இதுதான் இரண்டாவது ஆள். பட்டனை அழுத்திவிட்டுப் போய் செல்ஃப் அடித்துவிட்டு வந்தால், மிகக் குறைந்தது எவ்வளவு என்று பிடித்து வைத்திருக்கும். வினாடிக்கு மூன்று முறைதான் பார்க்கிறது என்பதால் கண்ணிமைக்கும் நேரத்துச் சரிவைத் தவறவிடும், செல்ஃப் வேலைக்கு அது போதும். மகள் வெளியூருக்குப் படிக்கப் போனபிறகு எனக்கு இந்தப் பட்டன்தான் துணை.

தெர்மோகப்பிளை விளையாட்டுச் சாமான் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் டேஷ்போர்டில் சூட்டு முள் சிவப்பை நெருங்கியது. தெர்மோஸ்டாட்டை மாற்றுவதா, ரேடியேட்டரைக் கழுவுவதா என்று யோசிக்கும்போது, தெர்மோஸ்டாட் இருக்கும் உலோக மூடியின் மேல் இந்த ஒயரை ஒட்டிப் பார்த்தேன். 84 டிகிரி. மாட்டியிருக்கும் தெர்மோஸ்டாட் 82 டிகிரி ரகம், அப்படியானால் இன்ஜின் சரியாகத்தான் இருக்கிறது. கூடவே பெட்ரோல் முள்ளும் இல்லாத பெட்ரோலைக் காட்டுவதைக் கவனித்தேன். இரண்டு முட்களும் சேர்ந்தே ஏறினால் இரண்டுக்கும் பொதுவாக வோல்ட் கொடுக்கும் சின்ன ரெகுலேட்டரைப் பார்க்க வேண்டும். அதேதான், அதன் எர்த் விட்டிருந்தது. மறுபடியும் எர்த்.

சுருக்கமாக வேறு சில. ஆல்டர்னேட்டரின் டயோடு போனதா என்று பார்க்க, இன்ஜினை ஓடவிட்டு பேட்டரியில் ஏசி வோல்ட் அளக்கலாம், அரை வோல்ட்டுக்கு மேல் வந்தால் சந்தேகம்தான். பேட்டரி நிலையைப் பார்க்க, வண்டி சில மணி நேரம் நின்றபிறகு அளக்க வேண்டும். 12.6 என்றால் நிறைந்தது, 12.2 என்றால் பாதி. ஓட்டி நிறுத்தியவுடன் பார்த்தால் மேலாகக் கூட்டிக் காட்டும், அதை நம்ப வேண்டாம். பாயிண்ட் வைத்த டிஸ்ட்ரிபியூட்டர் என்றால், பாயிண்ட் மூடியிருக்கும்போது சாவி போட்டு அதன் இரண்டு பக்கமும் வோல்ட் பாருங்கள். 0.2க்கு மேல் இருந்தால் பாயிண்ட் கருகியிருக்கிறது. சாவியை அப்படியே ரொம்ப நேரம் விடாதீர்கள், காயில் சூடேறும்.

செய்யக் கூடாதவை இரண்டு. ஸ்பார்க் பிளக் ஒயரின் பக்கம் இந்த மீட்டரைக் கொண்டுபோகாதீர்கள். அங்கே இருப்பது பல்லாயிரம் வோல்ட், மீட்டர் அதற்குச் செய்ததல்ல. இரண்டாவது, ஏர்பேக் உள்ள கார் என்றால் அந்த மஞ்சள் கனெக்டர்களில் மீட்டரை வைக்கவே வைக்காதீர்கள். ஓம் பார்க்க மீட்டர் அனுப்பும் சின்னக் கரண்ட்டுக்கே பை வெடித்துத் திறக்க வாய்ப்பு உண்டு. என் காரில் ஏர்பேக் இல்லை, ஆனால் தொண்ணூறுகளின் கார்கள் பலவற்றில் உண்டு.

நண்பர் ஒருவர் வைத்திருக்கும் ஐம்பதுகளின் பிரிட்டிஷ் கார் ஒன்றைப் பார்க்கப் போனபோது, கறுப்பு முள்ளைப் பாடியில் வைத்து அளந்தால் எல்லாவற்றுக்கும் முன்னால் கழித்தல் குறி வந்தது. அந்தக் காலத்தில் பாசிட்டிவைப் பாடியில் இணைக்கும் வழக்கம் அங்கே பரவலாக இருந்தது, 1960கள் வரையிலும் அப்படிக் கார்கள் வந்தன. புதிதாக ரேடியோ மாட்ட இருந்தார். கழித்தல் குறியைப் பார்த்ததால், பாசிட்டிவும் நெகட்டிவும் மாறி இணைந்து கருகிவிடாமல் அந்த ரேடியோ பிழைத்தது.

மீட்டரோடு வந்த ஒயர்களைப் பற்றித்தான் எனக்கு மனத்தாங்கல். பிளாஸ்டிக் உறை விறைப்பாக இருந்தது. ஒரு வருடத்தில் கைப்பிடி பக்கம் விண்டுவிட்டது, முள்ளின் முனையும் மழுங்கல். நான்கு அளவு ஒழுங்காக வரும், ஐந்தாவது ஆடும். சிலிகான் உறை போட்ட ஒயர், ஊசி முனை, அதன் மேல் திருகிக்கொள்ளும் முதலை கிளிப் என்று தனியாக வாங்கினேன். அன்றிலிருந்து மீட்டரே புதிது போல ஆயிற்று. முதல் நாளே ஒயருக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கிவிடுங்கள் என்பேன். வாங்குவதற்கு முன் இன்னொன்று: கிளாம்ப் மீட்டர் வாங்க நினைத்தால் அது டிசி கரண்ட்டையும் பிடிக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பல கிளாம்புகள் ஏசி மட்டும்தான் பிடிக்கும், காருக்கு உதவாது.

கூடவே பன்னிரண்டு வோல்ட் பல்ப் ஒன்றில் இரண்டு ஒயர் இணைத்த சாதாரண டெஸ்ட் லேம்ப்பையும் வைத்திருங்கள். ஒயர் உண்மையில் கரண்டைச் சுமக்கிறதா என்று அது ஒரு நொடியில் காட்டிவிடும், மீட்டர் ஏமாறும் இடத்தில் அது ஏமாறாது. கம்ப்யூட்டர் உள்ள காரில் மட்டும் அதைக் கண்ட ஒயரில் குத்த வேண்டாம், பல்ப் இழுக்கும் கரண்ட் அந்த நுண்ணிய சுற்றுகளுக்குத் தாங்காது.

குறைகளைச் சொல்லியும், இதே மீட்டர் தொலைந்துபோனால் நாளைக்கே இதே மாதிரி ஒன்றைத்தான் வாங்குவேன். குமிழ் இன்னும் இறுக்கமாக இருக்கிறது, இரண்டு முறை கீழே விழுந்தும் திரை உடையவில்லை, அளவு மாறவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை நோட்டில் குறித்துவைக்கிறேன். போன வாரக் கணக்கு: நின்றபோது 12.6, செல்ஃப் அடிக்கும்போது 10.5, ஓடும்போது 14.1, பாசிட்டிவ் பக்க விரயம் 0.3, எர்த் பக்க விரயம் 0.19. நான்கு வருடத்துக்கு முன்னால் தேய்த்துப் போட்ட அன்று அது 0.12. வண்டி இப்போதும் முதல் அடியிலேயே எடுக்கிறது, ஆனாலும் வரும் ஞாயிற்றுக்கிழமை அந்த போல்ட்டைக் கழற்றி உப்புத்தாள் போடப் போகிறேன்.